கமாக்காவும் ஒரு தோன்றா எழுவாயும்

கமாக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். தெருவிலும் அச்சகத்திலும் அவள் கமாக்காதான். யார் எந்த இங்கிலீஷ் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், என்ன விஷயம் என்று முதலில் கேட்க மாட்டாள். காதில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கமாவைப் போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். போட வேண்டிய இடத்தில் கமா ஏற்கெனவே இருந்துவிட்டால் அவள் முகம் லேசாக வாடிவிடும்.

பத்தாவதோடு படிப்பு நின்றுபோய், பத்தொன்பது வயதில் தாள் மடிக்கிற வேலைக்கு அந்த அச்சகத்தில் சேர்ந்தவள். அச்சகத்துக்குச் சோறு போட்டதெல்லாம் ஒரே ஒரு புத்தகம்தான்: பள்ளிப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் கிராமர் கையேடு. நவுன், வெர்ப், டென்ஸ், கடைசி இருபது பக்கத்தில் அணிகள். சேர்ந்த மூன்றாம் மாதம், தாளை மடித்துக்கொண்டே, “இதுல அட்ஜெக்டிவ்னு தலைப்பு போட்டுட்டு அட்வெர்புக்கு உதாரணம் குடுத்திருக்கீங்களே” என்றாள். முதலாளி ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மடிக்க வந்தவளுக்கு வாயைப் பார் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். நாலாயிரம் பிரதி ஓடி முடிந்திருந்தது. மறுநாள் காலை கமாக்காவின் ஸ்டூல் மடிப்பு மேசையிலிருந்து ஜன்னலோரப் புரூஃப் மேசைக்கு மாறியது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு பதிப்பு, பதிப்புக்கு மூன்று புரூஃப். ஆக அந்தக் கையேட்டை அவள் எண்பத்துநாலு தடவை எழுத்தெண்ணிப் படித்திருக்கிறாள். எழுதிய வாத்தியாரே அவ்வளவு தடவை படித்திருக்க மாட்டார். கரைத்துக் குடித்தவள் என்று சும்மா சொல்வார்களே, இவள் உண்மையிலேயே அப்படித்தான்.

ஒரே ஒரு குறை. எல்லாவற்றையும் கண்ணால் படித்தாளே தவிர, ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. அதனால் உவமையணியைச் சிமிலி என்று உலகம் சொன்னால் இவள் சைமைல் என்பாள். மிகைப்படுத்திச் சொல்லும் ஹைப்பர்பொலி இவள் வாயில் ஹைப்பர்போல். மெஷின் ஓட்டுகிறவர் ஒருமுறை சந்தேகப்பட்டுக் கேட்டபோது, “ஸ்பெல்லிங்கைப் பாருங்க. ஸ்பெல்லிங் பொய் சொல்லுமா?” என்று வாயடைத்துவிட்டாள். இங்கிலீஷில் ஸ்பெல்லிங் பொய்யைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்பதை அவளிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவள்? மனிதர்களை எல்லாம் வகை பிரித்துவிட்டாள். எதிர்வீட்டு மாமி ஹைப்பர்போல். அந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே வறண்டுவிட்டது என்று அர்த்தம். கமாக்காவின் சொந்த நாத்தனார் கன்ஜங்ஷன். இந்த வீட்டில் சொன்னதையும் அந்த வீட்டில் சொன்னதையும் ‘ஆனா’ போட்டு இணைத்துச் சண்டை மூட்டுகிறவள். முதலாளி ஃபியூச்சர் டென்ஸ். எதைக் கேட்டாலும் செய்கிறேன் என்பார்.

அவளுடைய வீட்டுக்காரர்தான் இன்ட்ரான்சிட்டிவ் வெர்ப். அதாவது செயப்படுபொருள் குன்றிய வினை. எதை, யாரை என்ற கேள்விக்கே இடம் கொடுக்காத வினை. உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார், சிரித்தார், தூங்கினார். அவ்வளவுதான் அவருடைய நாள். பேச்சும் அப்படியே. “பசிக்குது.” “போதும்.” “கிளம்பறேன்.” கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ‘உன்னை’ என்று தொடங்கி அவர் ஒரு வாக்கியம் சொல்லி அவள் கேட்டதில்லை. இது குறித்து அவளுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் வினையின் இயல்பு அது என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது?

கமாவின் வீட்டுக்காரர், அதிலும் பேசாதவர் என்றால் தெரு என்ன பெயர் வைக்கும்? முற்றுப்புள்ளி. நாளடைவில் அது தேய்ந்து புள்ளி என்றாகிவிட்டது. “பெரிய புள்ளி வர்றாரு, வழி விடுங்கப்பா” என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரிப்பார். அதற்கும் செயப்படுபொருள் கிடையாது.

புள்ளி வேலை பார்த்தது ஒரு கோல்ட் ஸ்டோரேஜில். ஆறு பெரிய குளிர் அறைகள். தடித்த கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு பெட்டிகளை ஏற்றி இறக்கி அடுக்குகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் ஒரு சொல்லுக்கு இடமில்லாமல் போய் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போன மனுஷர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, கையிலிருந்த பழுப்பு உறையை மேசைமேல் வைத்தார்.

“என்னங்க இது?”

“குடுத்தாங்க.”

யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வழக்கம்போல வாக்கியத்தில் இல்லை. கமாக்கா உறையைப் பிரித்தாள். இங்கிலீஷில் விசாரணை நோட்டீஸ். மூன்றாம் அறையின் கதவு சனிக்கிழமை மதியம் முதல் திங்கள் காலை வரை திறந்து கிடந்ததில், அறுநூறு பெட்டி உறைந்த பட்டாணி உருகி வீணாகிவிட்டது. அலட்சியமாக இருந்த குற்றத்துக்காக இவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பார். குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். இதில் கமா எல்லாம் சரியாக இருந்தது. எடுத்த சிவப்புப் பேனாவை அவள் மறுபடி காதில் செருகிக்கொண்டாள்.

நோட்டீஸோடு இணைப்புகள் இருந்தன. முதல் இணைப்பு சூப்பர்வைசரின் அறிக்கை. இரண்டாவது, புள்ளியின் வாக்குமூலம், இங்கிலீஷில், கீழே அவர் கையெழுத்து. அதில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: ஐ டிட் நாட் க்ளோஸ் த டோர்.

நான் கதவை மூடவில்லை.

கமாக்கா அந்த வரியைப் புரூஃப் பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. பிழையே இல்லை. பிழை பார்த்தே பிழைத்தவளுக்கு, ஒரு வாக்கியத்தில் பிழை இல்லையே என்று அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. மூடாமல் வந்தது கூடப் பெரிதில்லை. மனுஷர் என்றால் மறதி வரும். ஆனால் மூடாமல் வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூராவும் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, திங்கட்கிழமை எவனோ ஒரு டைப்பிஸ்டிடம் ஒப்புக்கொண்டவர், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவளை அறுத்தது. அச்சகத்தில் அன்று இரண்டு பிழைகளைத் தவற விட்டாள். மெஷின்காரரே கண்டுபிடித்துச் சொன்னார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை காபி போடும்போது அடக்க முடியவில்லை. அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேலை இல்லாத ஆளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

“கதவை மூடலையா நீங்க?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“மூடல.”

“அதான் ஏன் மூடல?”

“ஏன் மூடலன்னு எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“அவங்களைத்தான் கேக்கணும்.”

கரண்டி கையில் அப்படியே நின்றது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கமாக்கா அதைப் பார்க்கவே இல்லை.

“இருங்க இருங்க. யாரு மூடல?”

“அதான் சொல்றேனே. வேலை முடிஞ்சு கிளம்பறப்ப அந்தப் பக்கமாப் போனேன். மூடல. தள்ளிப் பாத்தேன், திரும்ப வந்துருச்சு. தாழ்ப்பாள் பல மாசமா அப்படித்தான், குறுக்குக் கம்பி போட்டுப் பூட்டினாத்தான் நிக்கும். பூட்டு சாவி சூப்பர்வைசர்கிட்ட. அவர்கிட்ட சொன்னேன். நான் பாத்துக்கறேன், நீ போன்னாரு. வந்துட்டேன்.”

இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய பேச்சில் இதுதான் மிக நீளம். இதைச் சொல்லிவிட்டு அவருக்கே மூச்சு வாங்கியது.

கமாக்கா அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் அந்தப் பழுப்பு உறையை எடுத்தாள். அதில் மூன்றாவதாக ஓர் இணைப்பு இருந்தது. மங்கலான நகல், தமிழில், கையால் எழுதியது. இவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் எழுதிக்கொண்ட மூலம். தமிழ்தானே என்று நேற்று அதை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலீஷைக் கண்டால் மற்றதெல்லாம் அவள் கண்ணில் படாது; அந்தக் கர்வத்துக்கு ஒரு நாள் அழுகை தண்டனையாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘இரண்டு மணிக்கு வேலை முடிந்து கிளம்பினேன். மூன்றாம் அறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதவை மூடவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னேன். வீட்டுக்குப் போனேன்.’

“கதவை மூடவில்லை” என்று அவள் சத்தமாகப் படித்தாள். “யாருங்க மூடவில்லை? ஆள் எங்க இதுல?”

“ஆள் எதுக்கு? மூடல, அவ்வளவுதான்.”

அவருக்குத் தோன்றா எழுவாய் போதும். டைப்பிஸ்டுக்குப் போதவில்லை. இங்கிலீஷில் மொட்டையாக ‘டிட் நாட் க்ளோஸ்’ என்று எழுதினால் அது வாக்கியமாகாது. தலையில் யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும். முன்னால் இருந்த வரியில் பார்த்தவன் நான். அதனால் மூடாதவனும் நானே என்று அவன் உட்கார வைத்துவிட்டான். கமாக்காவுக்கு மூச்சு சீராக வந்தது. பிழை கிடைத்துவிட்டது. பிழை கிடைத்துவிட்டால் அவளுக்கு உலகத்தில் யாரிடமும் பயமில்லை.

“வியாழக்கிழமை துணைக்கு நான் வர்றேன்” என்றாள்.

“சரி” என்றார்.

“சூப்பர்வைசர் பேரை நீங்க சொல்லணும்.”

சூப்பர்வைசரும் அவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட காலம் உண்டு. ஒருவர் மேலே போனார், ஒருவர் பெட்டியோடு நின்றுவிட்டார். புள்ளிக்கு அதில் வருத்தம் இருந்ததாக யாருக்கும் தெரியாது. “அவனும் பிள்ளைகுட்டிக்காரன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வழிந்த பாலைத் துடைக்கத் துணி எடுத்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் போனார்கள். நுழைவாசலின் மேல் பெரிய பலகை: ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.’ கீழே அதுவே இங்கிலீஷில். கமாக்கா அதை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மெட்டஃபர்” என்றாள்.

“அப்படின்னா?”

“உண்மையில கிடையாது, ஆனா இருக்கிற மாதிரி சொல்றது.”

அவர் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அதன் கீழே போய் வருகிறவர், அன்றைக்குத்தான் அதைப் படித்தார்போல.

விசாரணை மாடி அறையில். நீள மேசை, ஐந்து நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி, நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவர். ஒரு பக்கம் சூப்பர்வைசர், சட்டைப் பையில் மூன்று பேனா. மூலையில் டைப்பிஸ்ட், எழுதிக்கொள்ள. அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார்: “வீட்ல தமிழ்தான் பேசுவோம். எழுதப் படிக்க வராது. அதனால ரெக்கார்ட் எல்லாம் இங்கிலீஷ்ல பாக்கறேன். நீங்க யாரு?”

“இவரோட சம்சாரம். அச்சகத்துல புரூஃப் பாக்கறேன். இங்கிலீஷ் கிராமர் புஸ்தகம்.”

சூப்பர்வைசர் லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது. கமாக்கா சிவப்புப் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“முதல்ல இந்த ரிப்போர்ட், மேடம்” என்று சூப்பர்வைசரின் அறிக்கையை நீட்டினாள். “பட்டாணி சூப் மாதிரி ஆயிடுச்சுன்னு எழுதியிருக்காரு. இது சைமைல்.”

“சிமிலி” என்றார் அதிகாரி.

டைப்பிஸ்ட் குனிந்துகொண்டான். வேறு யாராக இருந்தாலும் கூசிப்போயிருப்பார்கள்.

“அப்படியா சொல்லணும்? ரொம்ப நன்றி மேடம்” என்றாள் கமாக்கா, ஒரு புரூஃப் திருத்தத்தை ஏற்றுக்கொள்வதுபோல. “எல்லாம் கண்ணால படிச்சது, காதால கேட்டதில்ல. வாய் தப்பு பண்ணும், கண் பண்ணாது. அடுத்த வரி, கம்பெனியே நஷ்டத்துல மூழ்கிடுச்சு. இது ஹைப்பர்… நீங்களே சொல்லிடுங்க.”

“ஹைப்பர்பொலி.” அதிகாரியின் உதடு ஓரம் கொஞ்சம் வளைந்தது.

“அதேதான். கீழ லாரி ஓடிக்கிட்டுதான் இருக்கு, நான் பாத்துட்டு வந்தேன். இதெல்லாம் போகட்டும், அழகுக்கு எழுதினது. இந்த வரியைப் பாருங்க. த டோர் வாஸ் லெஃப்ட் ஓப்பன். கதவு திறந்து விடப்பட்டது. பாசிவ் வாய்ஸ். யாரால விடப்பட்டது மேடம்? பின்னால ‘பை’ போட்டு ஆளைச் சொல்லணுமா இல்லையா?”

சூப்பர்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரிப்போர்ட்னா அப்படித்தான் எழுதறது வழக்கம்.”

“அப்போ என் வீட்டுக்காரர் ஸ்டேட்மென்ட் மட்டும் ஏன் ஆக்டிவ் வாய்ஸ்ல இருக்கு? ஐ டிட் நாட் க்ளோஸ். உங்களுக்கு ஒரு வாய்ஸ், அவருக்கு ஒரு வாய்ஸா?”

“அவர் சொன்னதைத்தானே எழுதியிருக்கு” என்றார் அதிகாரி. “நான் மூடலன்னு அவரே ஒத்துக்கிட்டிருக்கார். கையெழுத்து இருக்கு.”

“நான்னு அவர் சொல்லல மேடம். இதோ தமிழ்ல எழுதினது. தம்பி, நீங்க எழுதினதுதானே? சத்தமாப் படிங்க.”

டைப்பிஸ்ட் படித்தான். கதவை மூடவில்லை என்ற இடத்தில் அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“மேடம், வீட்ல தமிழ் பேசறவங்க நீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிப் பாருங்க. நேத்து நீங்க ஆபீசுக்கு லீவு. எப்படிச் சொல்வீங்க?”

“நான் வரல.”

“நான் லீவு போட்டா?”

“நீங்க வரல.”

“இவரு?”

“அவர் வரல. அவங்க வரல. நாங்க…” அதிகாரி நிறுத்திக்கொண்டார். அவருக்கே அதில் சுவாரஸ்யம் வந்துவிட்டது. “எல்லாத்துக்கும் வரலதான்.”

“அவ்வளவுதான் மேடம். வந்தேன், வந்தாரு, வந்தாங்க. ஒரு காரியத்தைச் செஞ்சா, யாருன்னு வாலைப் பிடிச்சே நம்ம மொழியில சொல்லிடலாம். செய்யலன்னா வால் கிடையாது. மூடல. யாரு வேணா இருக்கலாம். தலையில ஆளைப் போட்டாத்தான் தெரியும். இவரு போடல. இங்கிலீஷ்ல போடாம விட முடியாதுன்னு இந்தத் தம்பி ‘ஐ’ போட்டுட்டாரு.”

எல்லோரும் டைப்பிஸ்டைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. “ஆமா மேடம். மேல் வரியில பார்த்தேன்னு இருந்துச்சு. அதே ஆள்தானேன்னு… கேட்டிருக்கணும். கேக்கல.”

“பாத்தீங்களா, கேக்கல. அதுக்கும் வால் இல்ல” என்றாள் கமாக்கா. அவளால் அதை விட முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அடுத்த வரி, சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். கதவைத் தானே திறந்து போட்டுட்டு, அதை மேலதிகாரிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வீட்டுக்குப் போற ஆள் உலகத்துல உண்டா மேடம்?”

சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தார். “சனிக்கிழமை லாரி மேல லாரி. அவன் என்னமோ சொன்னான். தாழ்ப்பாள் சரியில்லன்னு நானும் மூணு தடவை ரிப்பேர் நோட்டுல எழுதி அனுப்பியிருக்கேன். யாரு கேட்டா?”

அதிகாரி ரிப்பேர் நோட்டை வரவழைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் பதிவு இருந்தது. மூன்றுக்கும் பக்கத்தில் தலைமை அலுவலகத்தின் பதில் ஒரே மாதிரி: வில் பி அட்டெண்டெட் டூ. கவனிக்கப்படும். கமாக்கா எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கே தெரிந்திருக்கிறது என்பதால் மூடிக்கொண்டாள். பாசிவ் வாய்ஸ். மூன்றாவது பதிலின் கீழே இருந்த கையெழுத்து, நோட்டீஸின் கீழே இருந்த அதே கையெழுத்து, இந்த அதிகாரியுடையது.

அதிகாரி நோட்டை மூடிவைத்துவிட்டு முதல் தடவையாகப் புள்ளியை நேராகப் பார்த்தார்.

“இவ்வளவு நேரம் உங்க சம்சாரம் பேசிட்டாங்க. நல்லாவே பேசினாங்க. ஆனா ரெக்கார்டுல நான் ஒரு ஆளைப் போட்டாகணும். நீங்க சொல்லுங்க. யார் மூடல?”

சூப்பர்வைசர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர்தான், சொல்லித் தொலையுங்களேன், வீட்டுக்குப் போகலாம் என்று கமாக்காவின் மனசு கத்தியது. சொல்லாவிட்டால் அந்த ‘ஐ’ அப்படியே நின்றுவிடும் என்று பயந்தாள். அவருக்கு வாய் வராது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

புள்ளி எழுந்து நின்றார்.

“நாம மூடல” என்றார்.

“நாங்களா? நீங்களும் சூப்பர்வைசருமா?”

“நாங்க இல்லீங்க. நாம.”

டைப்பிஸ்டின் பேனா தாளின்மேல் தயங்கி நின்றது. அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டில் தமிழ் பேசுகிறவர். எழுதப் படிக்க வராவிட்டாலும் நாங்களுக்கும் நாமுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போகுமா? அம்மா ‘நாம சாப்பிடலாம்’ என்றால் இலையில் தனக்கும் இடமுண்டு என்று தெரிந்து வளர்ந்த பிள்ளைதானே அவரும்.

“அதுல நானும் இருக்கேனா?” என்றார், மெதுவாக.

“வாசல்ல எழுதியிருக்குங்களே” என்றார் புள்ளி. குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. பலகையில் போட்டிருக்கிறது, படித்தேன், சொல்கிறேன் என்பதுபோல இருந்தது. “நான் இன்னொருக்கா வந்து நின்னு பாத்திருக்கலாம். அவன் பூட்டியிருக்கலாம். மேல தாழ்ப்பாளை மாத்தியிருக்கலாம். நாம மூடல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“வி டிட் நாட் க்ளோஸ் த டோர்னு போடவா மேடம்?” என்று டைப்பிஸ்ட் கேட்டான்.

அதிகாரி வாக்குமூலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கமாக்காதான் சொன்னாள். “இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ‘வி’தான் தம்பி. அதுல யார் இருக்காங்க, யார் இல்லன்னு அது சொல்லாது. அதைப் படிக்கறவங்கதான் சொல்லணும்.”

அதிகாரி கையை நீட்டினார். டைப்பிஸ்ட் தன் பேனாவை நீட்டினான். ஆனால் அவர் எடுத்தது மேசைமேல் இருந்த சிவப்புப் பேனா. இங்கிலீஷ் வாக்குமூலத்தின் மூன்றாவது வரியில் ‘ஐ’யை அடித்துவிட்டு, மேலே ‘வி’ என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அடித்த விதம் அச்சகத்து முறைப்படி இல்லைதான். கமாக்கா அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாள். அதுவே பெரிய தியாகம்.

அன்று மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். நிறுத்தி வைத்த நாட்களும் வேலை செய்த நாட்களாகவே எடுத்துக்கொள்ளப்படும். சூப்பர்வைசருக்கு எச்சரிக்கை. மூன்றாம் அறைத் தாழ்ப்பாளைத் தலைமை அலுவலகம் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தரும். தலைமை அலுவலகம் மாற்றித் தரும் என்றே எழுதியிருந்தது. மாற்றித் தரப்படும் என்று இல்லை. கமாக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

உத்தரவை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது சூப்பர்வைசர் எதிரே வந்தார். புள்ளியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகு கமாக்கா சொன்னாள்: “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த இங்கிலீஷைப் படிச்சுட்டு, நீங்கதான் மூடலன்னு ஒரு நாள் முழுக்க நான் நம்பிட்டேன். எத்தனை படிச்சு என்ன? உங்களைக் கேக்காம விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

“தெரியும்” என்றார். “அன்னிக்கு நீ பேசல.”

கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போக வழிவிட்டார்கள்.

“ஆமா, அந்த இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எந்த தைரியத்துல கையெழுத்து போட்டீங்க?” என்றாள். கேட்கும்போதே கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. “யாரை நம்பிப் போட்டீங்க?”

அவர் யோசித்தார். பதில் வராது என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த பேச்சுக்குப் போகத் தயாரானாள்.

“உன்னை நம்பித்தான் போட்டேன்” என்றார்.

கமாக்கா நின்றுவிட்டாள். அவர் அதைக் கவனிக்காமல் நான்கு அடி முன்னால் போய்விட்டார். எழுவாய் வழக்கம்போலத் தோன்றவில்லை. செயப்படுபொருள் மட்டும் வாக்கியத்தின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு வருஷமாக இன்ட்ரான்சிட்டிவ் என்று தான் போட்டுவைத்திருந்த வகையை, நடுத்தெருவில் நின்று, அவள் மனசுக்குள் அடித்தாள்.

“என்ன நின்னுட்ட?” என்றார் அவர், திரும்பிப் பார்த்து.

“ஒண்ணுமில்ல, ஒரு பிழை இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரோடு நடந்தாள்.